வெறும் தாளில் போட்ட கையெழுத்து

ஏலக்காய் வியாபாரத்துக்கு எதற்கு வக்கீல் என்று போடி கடைத்தெருவில் நக்கலடித்துத் திரிந்தவன் நான். அரசு விடுதிகளுக்கு ஏலக்காயும் மிளகும் சப்ளை செய்ய நான் போட்ட டெண்டரைத் தள்ளுபடி செய்து கடிதம் வந்த அன்று அந்தத் திமிர் போனது. எங்கள் கடை கறுப்புப் பட்டியலில் இருக்கிறதாம். இரண்டு வருடத்துக்கு எந்த அரசு ஒப்பந்தமும் கிடையாதாம். ஆர்டர் எனக்குத்தான் என்ற மிதப்பில், போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் காய் முழுவதையும் பேசி முடித்திருந்தேன்.

தேனியில் ஒப்பந்த வழக்குகள் பார்க்கும் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தேன். மூன்று வருட டெண்டர் ஃபைல் அத்தனையும் வேண்டும் என்றார். சாக்கில் கட்டிக் கொண்டுபோய் இறக்கினேன். சில வாரம் கழித்து, அரசு அலுவலகத்தில் வாங்கிய நகல் ஒன்றை என் முன்னால் வைத்தார். நான் கேள்வியே படாத ஒரு டெண்டர். அதில் எங்கள் கடை லெட்டர் பேடில் விலை எழுதிய ஒரு கொட்டேஷன். கீழே என் கையெழுத்து!

"பக்கத்துக் கடைக்காரரும் இதுல கொட்டேஷன் குடுத்திருக்காரு. ரெண்டையும் எழுதுனது ஒரே ஆளு. கூட்டுச் சேந்து ஏமாத்திட்டீகன்னு ரெண்டு கடைக்கும் தடை போட்டுட்டாங்க. நோட்டீசு உங்க பழைய கடை விலாசத்துக்குப் போயிருக்கு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. டெண்டருக்கு மூன்று கடைகளின் கொட்டேஷன் காட்ட வேண்டும் என்றால், வெறும் லெட்டர் பேடில் கையெழுத்துப் போட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துவிடுவது எங்கள் தெரு வழக்கம். விலையை வாங்கிப்போனவரே நிரப்பிக்கொள்வார். மாட்டேன் என்றால் மறுநாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் எனக்கு மச்சான் முறை. அவருக்கு எத்தனை தாள் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அங்கேயே போனைப் போட்டேன்.

"என்ன மாப்ளே, நான் களவாண்டா போனேன்? வெரசா ஒரு தாளு கொண்டான்னேன், நீதானே போட்டுக் குடுத்தே?" என்றார் சாவகாசமாக.

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். "இந்த ஆளு மேல கேஸு போடுங்க மேடம்! கம்பி எண்ண வைக்கணும்!" என்று கத்தினேன்.

வக்கீல் சாக்கிலிருந்து என்னுடைய ஃபைல் ஒன்றை எடுத்துப் பிரித்தார். போன வருடம் நான் ஜெயித்த டெண்டர். உள்ளே மச்சானுடைய லெட்டர் பேடு. அடியில் அவர் கையெழுத்து. அதற்கு மேலே சரக்கும் விலையும் இடதுபக்கம் சாய்ந்த எழுத்தில் நிரப்பியிருந்தது. அப்படி எழுதுகிற ஆள் எங்கள் கடையில் நான் ஒருவன்தான்.

"ஒண்ணும் தெரியாம மாட்டிக்கிட்டாருன்னு சொல்லித்தான் நான் தடையை எடுக்க வைக்கணும். இதை வச்சுக்கிட்டு எப்படி சார் சொல்றது?"

வைக்காத போன் இன்னும் கையில் இருந்தது. காதில் வைத்தேன்.

"என்ன மாப்ளே, பேச்சையே காணோம்?" என்றார் மச்சான்.