முதல் கிரகத்தை விட்டு நகராதவர்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவர் உட்கார ஆரம்பித்துப் பல வருடமாகிவிட்டது. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கேட்க ஒரே கேள்விதான்: "இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?" உள்ளே பல்லைத் துளைக்கும் சத்தம் ஏறினால், வெளியே இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவார்கள். அவர்களைப் போனில் பிடித்து, தாஜா செய்து திரும்ப வரவழைப்பதும் அவர் வேலைதான்.

விண்கலம் ஓட்டும் அந்த வீடியோ விளையாட்டை வீட்டுக்கு வாங்கி வந்தவர் அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக். விண்கலத்தைக் கிளப்பிய ஒவ்வொரு முறையும் எரிபொருள் தீர்ந்தோ பாறையில் மோதியோ செத்தார்.

"நாள் முழுக்க லிஃப்ட்ட மேல ஏத்துறேன், இந்தச் சனியன ஏத்த முடியல. நீயே வெச்சுக்கோ."

மனைவி கலத்தைக் கிளப்பவே இல்லை. ஆட்டம் தொடங்குகிற முதல் கிரகத்தில், ஊதா நிற மணல்மேட்டில் உட்கார்ந்தார். காற்று வீசியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் வேலை முடிந்து வந்து அங்கேயே உட்கார்ந்தார். மாதங்கள் ஓடின.

விளையாட்டுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"அக்கா, எங்க ஆட்டத்துல உங்க அளவுக்கு நேரம் செலவு பண்ணவங்க யாருமில்ல. ஆனா முதல் கிரகத்த விட்டு நீங்க நகரவே இல்ல. எந்த இடம் கஷ்டமா இருக்கு?"

"ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. சும்மா இருக்கேன்."

"கூச்சப்படாம சொல்லுங்க. சவால் கூடினாலும் ஆளுங்க விட்டுட்டுப் போறாங்க, குறைஞ்சாலும் போறாங்க. அதான் எங்க தலைவலி."

"எங்க ஆஸ்பத்திரியிலயும் எழுந்து போயிடுவாங்க தம்பி" என்றார் அவர், அனுதாபத்தோடு.

விரைவிலேயே உதவி வந்து சேர்ந்தது. கலத்துக்குள்ளிருந்து ஒரு தேன்குரல்: "பறக்கலாமா? நான் சொல்லித் தரட்டுமா?" மணல்மேட்டில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடும். வாயை அடைக்க வழியில்லை. அது கற்றுக்குட்டிகளுக்கான ஏற்பாடு, முதல் நட்சத்திரக் கூட்டத்தைத் தாண்டினால் பேசாது என்று கணவர் விசாரித்துச் சொன்னார்.

அதனிடமிருந்து தப்பிக்கத்தான் அவர் பறக்கக் கற்றார். மோதினார், எரிந்தார், மறுபடி கிளம்பினார். எரிபொருளை மிச்சம் பிடிக்க, பெரிய கிரகங்களின் ஈர்ப்பில் சுற்றி வேகமெடுக்கும் வித்தை கைக்கு வந்தது. கணவர் வாயைப் பிளந்தார். கடைசியில் எல்லையைத் தாண்டி, பச்சை வானமுள்ள ஒரு கிரகத்தில் பூப்போல இறங்கினார். அப்பாடா, சத்தமே இல்லை.

இரண்டே நாளில் கொட்டாவி வந்தது.

"இதுக்காகத்தானே இவ்வளவு பாடுபட்ட?" என்றார் கணவர்.

"எவ்வளவு நேரம்தான் சும்மாவே உக்காந்திருக்கறது? அதோ, பாறையா சுத்துதே, அந்த வளையத்துக்குள்ள நுழைய முடியுதான்னு பாக்கறேன்."

கம்பெனியில் அந்தக் குரலை உருவாக்கியவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பழைய தம்பி மறுபடி கூப்பிட்டார். "எங்க உதவியாலதானே அக்கா இவ்வளவு தூரம் போனீங்க?"

"அந்தத் தொல்லை தாங்காம ஓடினேன், தம்பி."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்போ அத எடுத்துடறோம்க்கா. நீங்க நிம்மதியா பழைய இடத்துக்கே வந்துடலாம்."

அவர் பதறிப்போனார். "ஐயோ, இருக்கட்டும். புதுசா வர்றவங்க கிளம்ப வேணாமா? வேணும்னா கொஞ்சம் சத்தமா வைங்க."

சொன்னபடியே செய்தார்கள். மனைவியின் சாமர்த்தியத்தைக் கண்டு ரோஷம் வந்து, முதல் கிரகத்திலிருந்து மறுபடி ஆட ஆரம்பித்திருந்த கணவர் காதைப் பொத்திக்கொண்டார். "இப்படிக் கத்த விடச் சொல்லி எவன் கேட்டான்?"

"யாருக்குத் தெரியும்?" என்றபடி அவர் எழுந்து விளக்கைப் போடப் போனார்.