நாலாவது ஆள்

இது நடந்தது. கேட்டு முடித்த பிறகு "சும்மா கதை விடாதே" என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். இடத்தின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் வருகிற சனிக்கிழமையே ஒரு கூட்டம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும், நம்முடைய ஆட்களை எனக்குத் தெரியாதா? மெல்பேர்னிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேர ஓட்டம். மலை, காடு, ஓடை. அவ்வளவு போதும்.

எனக்கு இதைச் சொன்னவர் விக்னராஜா அண்ணர். இருபது வருடம் வாயே திறக்காமல் இருந்தவர், மனைவி சந்திரவதனாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று பின்னேரம், நோபல் பார்க் வீட்டின் பின்வளவில் வைத்துச் சொன்னார். ஏன் அவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது உங்களுக்குக் கடைசியில் விளங்கும். நேரங்களை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு கம்பனியில் பிளான் வரைகிற வேலை பார்த்தவர், எதையும் அளந்துதான் பேசுவார்.

1976, மே 15, சனிக்கிழமை.

விக்னராஜாவுக்கு அப்போது ஒரு பைத்தியம் இருந்தது. கூடாரம் போட்டுத் தங்குவதென்றால் குழாய், கழிவறை, பக்கத்துக் கூடாரத்து ரேடியோ எல்லாம் உள்ள இடத்துக்கு எல்லாரும் போவார்கள். அது அவருக்கு ஆகாது. பெயர்ப்பலகை இல்லாத, பெயரே இல்லாத இடம் வேண்டும். காட்டின் வரைபடத்தைக் குசினி மேசையில் விரித்துவைத்து, உயரக்கோடுகள் எங்கே விலகிப் போகின்றன என்று தேடுவார். கோடு விலகினால் நிலம் தட்டை. பக்கத்தில் ஓடை ஒன்றும், முன்பு மரம் இழுத்த பாதை ஒன்றும் இருந்துவிட்டால், அங்கே எவனோ எப்போதோ படுத்து எழும்பியிருப்பான். போய்ப் பார்த்தால் நெருப்பு மூட்டிக் கறுத்த கல்வட்டம் இருக்கும். வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். பதினொரு புள்ளி சேர்ந்திருந்தது. அதில் அவருக்குப் பெருமை, கொஞ்சம் கூடுதலான பெருமை என்றே சொல்லவேண்டும்.

அன்றைக்குப் பன்னிரண்டாவது புள்ளி. கூடப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் பார்த்தசாரதி, அதே கம்பனி, சென்னைக்காரர். மற்றவன் சிறிதரன். சந்திரவதனாவின் ஒரே தம்பி, இருபத்துமூன்று வயது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம். திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போக இருந்தான். வீட்டில் எல்லாருக்கும் அவன் சிறி.

காலையில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சந்திரவதனா நின்றாள்.

"அவனைக் கவனமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"நான் என்ன அவனைச் சண்டைக்கே கொண்டுபோறன்?"

"விளையாடாதேங்கோ. அம்மாக்கு நான் வாக்குக் குடுத்தனான்."

"சரியப்பா. கொண்டுவந்து உன்ரை கையில தாறன். போதுமா?"

"மூண்டு பேராப் போறியள். ஒரு கல்லெண்டாலும் எடுத்துப் போடுங்கோ."

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்படக்கூடாது, புறப்பட்டால் நாலாவது ஆளாக ஒரு கல்லையாவது கூட எடுத்துக்கொள்ளவேண்டும். நம்மில் பல வீடுகளில் இது உண்டு. விக்னராஜா சிரித்துவிட்டுக் காரை எடுத்தார். கல்லை எடுக்கவில்லை.

மலைப்பாதையில் ஒரு இரும்புக் கேற் பூட்டிக் கிடந்தது. மதியம் 12.50க்குக் காரை அங்கே விட்டுவிட்டு நடந்தார்கள். மூன்று ஆள் உயரத்துக்கு மரம்போல வளர்ந்த பன்னச் செடிகள், அதற்கு மேலே வானம் தெரியாத மரங்கள். காட்டில் விக்னராஜாவுக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னுக்குப் போகிறவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "ஒண்டு" என்று கூப்பிடுவார், பின்னால் வருகிறவர்கள் வரிசையாக எண்ணவேண்டும். எண்ணிக்கை குறையாவிட்டால் ஆளும் குறையவில்லை.

சிறிக்குப் புதுச் சப்பாத்து. வழிநெடுகப் புலம்பினான். "அத்தான், கால் நோகுது... அத்தான், கால் நோகுது..."

2.10க்கு ஒரு தட்டை நிலம் வந்தது. ஓடை இருந்தது, பாதை இருந்தது. ஆனால் கல்வட்டம் இல்லை. ஒரு மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு யாரோ கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கரி இல்லை, சாம்பல் இல்லை. நெருப்பு மூட்டாதவன் எதற்காகக் கல்லை அடுக்கினான்? விக்னராஜாவுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. "வேண்டாம், மேல போவம்" என்றார்.

அப்போதுதான் சிறிக்கு ஞாபகம் வந்தது. "அத்தான்! அக்கா சொன்ன கல்!" என்று, அடுக்கின் உச்சியில் இருந்ததை எடுத்தான்.

"அடுக்கினதுலேர்ந்து எடுக்காதீங்க சிறி. கீழ கெடக்கறத எடுங்க" என்றார் பார்த்தசாரதி.

"கல்லுத்தானே அண்ணை."

கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு எண்ணும்போதெல்லாம் ஒரு பகிடி. ஒண்டு. ரெண்டு. மூண்டு. உடனே அவனே குரலைத் தடிப்பாக்கி, கல்லுக்காக, "நாலு" என்பான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

3.40க்கு இடம் கிடைத்தது. கறுத்த கல்வட்டம், சுற்றி உட்கார நாலு மரக்கட்டை. கீழே ஓடை, நூற்றைம்பது அடி இருக்கும், செங்குத்து, பன்னம் மூடியிருந்ததால் சத்தம் மட்டும் கேட்டது. விக்னராஜா புள்ளியை வைத்தார். சிறி கல்லை எடுத்து நாலாவது கட்டையில் வைத்தான். "ஐயா, நீங்கள் இதில இருங்கோ."

4.35க்குத் தேத்தண்ணிக் கேத்தலை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனான். கொண்டுவந்தது அந்த ஒரு கேத்தல்தான்.

"போட்டு வாறன் அத்தான்."

பத்து நிமிட வேலை. 4.50 ஆனது. 5.00 ஆனது. விக்னராஜா எழுந்து ஓடைப் பக்கம் நாலடி வைத்தார். பின்னால் சருகுச் சத்தம். 5.05. சிறி வந்துகொண்டிருந்தான். கையில் கேத்தல், விளிம்புவரை தண்ணீர். ஆனால் கீழே ஓடையிலிருந்து வரவில்லை. மேலே மலைப்பக்கமிருந்து வந்தான்.

"வழி மாறிட்டியோ?"

"ஓம்."

அவ்வளவுதான் சொன்னான். நேரே போய் உட்கார்ந்தான், நாலாவது கட்டையில். கல்லைக் காணவில்லை. அவன் எடுத்துவிட்டானாக்கும் என்று விக்னராஜா நினைத்தார்.

தேத்தண்ணி ஊற்றினார்கள். மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறவன் அவன். கோப்பையைக் கையில் கொடுத்தார். வாங்கினான், கீழே வைத்தான், குடிக்கவில்லை. அவன் சப்பாத்தைப் பார்த்தார். ஓடைக்குப் போய் வந்த சப்பாத்து... காய்ந்திருந்தது.

களைத்துப்போனான் பிள்ளை. அப்படித்தான் எண்ணிக்கொண்டார்.

5.55. இருட்டிவிட்டது.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தான்..."

விக்னராஜா திடுக்கிட்டுத் திரும்பினார். சிறி எதிரில் இருக்கிறான். வாய் மூடியிருக்கிறது. பார்த்தசாரதியும் அவனையே பார்த்தார். பிறகு பார்த்தசாரதி சிரித்தார்.

"சார், பறவை சார்! லயர்பேர்ட். இந்தக் காட்டுல இருக்காம். ரம்பம், நாய், மனுஷன், எதக் கேட்டாலும் அப்படியே சொல்லுமாம். பகல் பூரா இவர் உங்கள அத்தான் அத்தான்னாரே... புடிச்சுக்கிச்சு."

"ஓம்," என்றான் சிறி. "பறவை."

விக்னராஜாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

6.40.

"அத்தான்... கால் நோகுது..."

அதே சொல். பாதையில் கேட்ட அதே சொல். "பாத்தீங்களா, அச்சு அசலா அப்படியே!" என்றார் பார்த்தசாரதி. ஆனால் இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

7.25.

"அத்தான்..."

மெல்லிய குரல். அதற்குப் பிறகு பறவை கூப்பிடவில்லை.

7.40க்கு மழை தொடங்கியது. மரங்கள் முனகின. விக்னராஜா சிறியின் கையைத் தொட்டார். நெருப்புக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் இருந்த கை... ஐஸ்.

காய்ச்சல் வரப்போகிறது. வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எப்படியாவது வீடு சேர்க்கவேண்டும். அந்த ஒரு எண்ணம்தான் அவருக்கு.

"எழும்பு. வீட்ட போவம். சாமான் கிடக்கட்டும்."

8.05. ஒரே ஒரு டோர்ச். முன்னால் விக்னராஜா, நடுவில் பார்த்தசாரதி, கடைசியில் சிறி.

"ஒண்டு."

"ரெண்டு."

"மூண்டு."

8.15. ஒண்டு. ரெண்டு. மூண்டு.

8.25. ஒண்டு. ரெண்டு. மூண்டு.

ஒவ்வொரு தடவையும் ஒரே குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. மேல்மூச்சில்லை.

8.55. கல் அடுக்கி இருந்த தட்டை நிலம். விக்னராஜா அந்தப் பக்கம் வெளிச்சம் அடிக்கவில்லை.

"ஒண்டு."

"ரெண்டு."

"மூண்டு."

பார்த்தசாரதி அவருடைய முதுகோடு ஒட்டிக்கொண்டு நடந்தார். "சார்... காலடிச் சத்தம் நம்ம ரெண்டு பேருதுதான் கேக்குது."

"பேசாம நடவுங்கோ."

9.40. கேற் தெரிந்தது. கார் தெரிந்தது.

"ஒண்டு."

"ரெண்டு."

...

மழை.

...

"நாலு."

தடித்த குரல். மிகப் பக்கத்தில்.

டோர்ச்சைத் திருப்பினார். ஒருவரும் இல்லை. பன்னம்கூட அசையவில்லை.

தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். பாதையில் திரும்பி ஓடினார்கள். 10.30க்கு டோர்ச் செத்தது. தடவித் தடவிக் காருக்கு வந்து, அடிவாரத்துச் சிற்றூரில் பொலிசை எழுப்பியபோது 11.50.

பொலிஸ் கேட்டது ஒரே கேள்வி. கடைசியாக எங்கே பார்த்தீர்கள்? இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், சத்தியம் பண்ணினார்கள். எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தான், கேற்றுக்குக் கிட்டவரை வந்தான், எண்ணிக்கொண்டே வந்தான்.

ஆகவே ஞாயிறு விடியற்காலை இருபது பேர் கேற்றைச் சுற்றித் தேடினார்கள். பாதையின் இரண்டு பக்கமும் தேடினார்கள். மேலே கூடாரம் போட்ட இடத்துக்கு ஒருவரும் போகவில்லை. அங்கிருந்துதான் அவன் புறப்பட்டுவிட்டானே, எதற்குப் போகவேண்டும்?

பின்னேரம் 2.15க்கு, விட்டுவந்த சாமானை எடுக்கப் போன ஒருவர் ஓடைப் பக்கம் இறங்கிப் பார்த்தார்.

சிறி அங்கே கிடந்தான். சறுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து, ஒரு மரத்தடியில் சாய்ந்தபடி. கேத்தலின் கைப்பிடி மணிக்கட்டில் மாட்டியிருந்தது. கைமணிக்கூட்டின் கண்ணாடி உடைந்து 4.41இல் நின்றிருந்தது. அவன் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால், பன்னங்களின் இடுக்கால் மேலே நெருப்பு எரிந்த இடம் தெரிந்தது.

மேலே மூன்று கோப்பைகள் இருந்தன. இரண்டு வெறுமை, ஒன்று நிரம்பித் ததும்பியபடி. "தண்ணீரை எதில் கொதிக்கவைத்தீர்கள்?" என்று பொலிஸ்காரர் கேட்டார். செய்தி கேட்டு மேலே வந்த விக்னராஜா கீழே ஓடைப் பக்கம் பார்த்தார், இருந்த ஒரே கேத்தல் சிறியின் கையோடு அங்கேதான் கிடந்தது. கல்லை அவர் நாலு கட்டையிலும் தேடினார், சிறியின் கோட்டுப் பையிலும் பார்த்தார். இல்லை. இறங்கி வருகிற வழியில், மரத்தடி அடுக்கின் உச்சியில் ஒரு கல் இருந்தது. அதே கல்லா என்று கிட்டப் போய்ப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

தேட வந்தவர்களில் மரம் வெட்டும் கிழவர் ஒருவர் இருந்தார். பார்த்தசாரதி அவரிடம் அந்தப் பறவையைப் பற்றிக் கேட்டார். ஆமாம், எந்தக் குரலையும் அப்படியே சொல்லும் என்றார் கிழவர். பொழுது பட்டதும் மரத்தில் ஏறிவிடும், இருட்டினால் வாயே திறக்காது. நாற்பது வருடத்தில் ஒரு இரவுகூட நான் கேட்டதில்லை.

டாக்டர் சொன்னதுதான் கடைசி. விழுந்ததும் சாகவில்லை. குளிரில் விறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக... ஞாயிறு காலை பத்து மணியளவில்தான் உயிர் போயிருக்கிறது.

காலை பத்து மணிக்கு இருபது பேர் நாலு கிலோமீட்டர் தள்ளித் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே தேடச் சொன்னது விக்னராஜா.

அன்றிரவு வீட்டில் சந்திரவதனா அழவில்லை. கதிரையில் இருந்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன் கூப்பிடேல்லையா?"

"இல்லை" என்றார் விக்னராஜா.

அதற்குப் பிறகு வருடாவருடம், தம்பியின் திவசத்தன்று, படைத்து முடிந்ததும், அவள் அதையே கேட்டாள். இருபது திவசம். ஆஸ்பத்திரியில் கடைசி நாளிலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்.

"ஒரு தரமும் கூப்பிடேல்லையா?"

"இல்லை."