ஜோசஃபின் பெட்டியில் உஷாவின் தோடு

லிங்கராஜபுரத்தில் ஜோசஃபினிடம் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருந்தது. கடையில் வாங்கிய எதுவும் அதற்குள் போகாது. செய்தவரை அவளுக்கு நேரில் தெரிந்திருக்க வேண்டும். நாத்தனார் குவைத் விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் பின்னிய குரோஷே பர்ஸ் அதில் இருந்தது. அலுவலக பியூன் பச்சைமுத்து பட்டுக்கூட்டை வெட்டிச் செய்த, சேலையில் குத்தும் ப்ரூச் ஒன்று. கணவர் டென்சில் தொழிற்சாலை லேத்தில் கடைந்த பித்தளை வளையல் ஒன்று; அது கையில் ஏறாது. அழகென்று சொல்லும்படி அவற்றில் அதிகம் இல்லை.

அரக்குப்பூச்சு மணிகளை வளைத்த கம்பியில் கோத்த தோடு ஒன்றும் இருந்தது. அதைக் கொடுத்தவள் உஷா, மல்லேஸ்வரத்துக் கன்னட வீட்டுப் பெண். இருவரும் ஒரே அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டுகள். தொண்ணூற்றொன்றின் இறுதியில் காவிரிக் கலவரத்தில் அலுவலகம் மூடிக் கிடந்தது. தமிழர் தெருக்களில் கதவுகள் திறக்கவில்லை. ஊர் சற்று அடங்கியதும் முதலில் வந்து கதவைத் தட்டியவள் உஷாதான். பஸ் சரியாக ஓடவில்லை; பாதி தூரம் நடந்து வந்திருந்தாள்.

"ஸும்னே வீட்ல உக்காந்திருந்தேன் கணே. உனக்குன்னு நானே செஞ்சேன்," என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லித் தோட்டை நீட்டினாள்.

ஜோசஃபின் நம்பினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கல்கல் என்ற பொரித்த இனிப்பு உருட்ட உஷாவை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சிறு மாவுருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி எடுக்க வேண்டும். உஷா சுருட்டியவை எல்லாம் எண்ணெயில் பிரிந்து தட்டையாகின. பார்த்துக்கொண்டிருந்த ஜோசஃபினுக்குத் தெரிந்துவிட்டது: அவ்வளவு சீராகக் கம்பி வளைத்தது இந்த விரல்கள் அல்ல. அதைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த உருண்டையைச் சுருட்டினாள். தோட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவும் இல்லை. ஆண்டுதோறும் உஷா வந்தாள். என்றாவது இது வெளிப்பட்டால் அவள் பிறகு வராமல் போய்விடுவாளோ என்ற பயம் மட்டும் ஜோசஃபினுக்கு இருந்தது.

இரண்டாயிரத்தின் டிசம்பரில் மகள் ஜூலியா கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலிருந்து அதே போன்ற தோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள்.

"மம்மி, பாருங்க. உஷா ஆன்ட்டி டிசைனைக் கடைக்காரன் காப்பி அடிச்சிட்டான்."

"கழட்டு."

"ஏன்? ஆன்ட்டிகிட்ட காட்டணும்."

"ஆன்ட்டி வர நேரம். கழட்டுன்னா கழட்டு."

அதற்குள் உஷா வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவள் ஜூலியாவின் காதைப் பார்த்தாள். மாவின் முன்னால் உட்கார்ந்தாள்; முள்கரண்டியை எடுக்கவில்லை.

"அந்தக் கடை இன்னும் இருக்கா?" என்றாள்.

ஜூலியா சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

ஜோசஃபின்தான் பேசினாள். "உன் கல்கல் வருஷா வருஷம் எண்ணெயில வாயைத் தொறக்குது. நீ கம்பி வளைச்சேன்னா எவ நம்புவா?"

"மொதல்லயே தெரியுமா?"

"மொத கிறிஸ்துமஸ்லயே."

"தெரிஞ்சுமா பெட்டியில வெச்ச?"

"அன்னைக்கு எங்க தெருவுக்கு வேற யாரு வந்தா?"

உஷா மாவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "வெறுங்கையோட வர பயமா இருந்துச்சு. கடையில வாங்கினதுன்னா, நடந்ததுக்கெல்லாம் அது பத்தாதுன்னு தோணிச்சு. வாய் பொய் சொல்லிடுச்சு."

"பத்துச்சு," என்றாள் ஜோசஃபின்.

நட்பின் மேல் பெரிய சொற்களை ஏற்றிப் பேசுவது எளிது. அன்று அந்த அறையில் யாரும் அப்படிப் பேசவில்லை. உஷாவின் கண் கலங்கியிருந்தது. கோபமும் கொஞ்சம் இருந்தது. இத்தனை ஆண்டுகள் தன்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருப்பாளோ என்ற சந்தேகம் அவளுக்கு உடனே தீர்ந்திருக்காது. ஜூலியா தோட்டின் திருகைத் தொட்டாள்.

"கழட்டாதே. உனக்கு நல்லா இருக்கு," என்றாள் உஷா. பிறகு ஜோசஃபின் பக்கம் திரும்பினாள். "அடுத்த வருஷம் நான் உருட்ட மாட்டேன். பொரிக்கறது மட்டும்தான்."

அடுத்த வருஷம் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் ஜோசஃபின் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.