போனதாகச் சொன்ன சமாதி

நான் அன்று அந்தக் கவிஞரின் சமாதிக்குப் போகவில்லை. போய் வந்ததாக அன்வர் பாயிடம் பொய் சொன்னேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்வர் பாய் தில்லிக்காரர், வெல்டர். வளைகுடாவில், அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் அவருடையது. நான் அரியலூர்ப் பக்கம், ஏசி மெக்கானிக். டூட்டி முடிந்து வந்ததும், தனக்குப் பிடித்த பழைய உருதுக் கவிஞர் ஒருவரின் கவிதைகளைச் சொல்வார். எனக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி, எளிய இந்தியில் விளக்குவார். டைபாய்டில் நான் கிடந்தபோது கஞ்சி வைத்து ஊட்டியவரும் அவரே.

எனக்கு லீவு கிடைத்தது. டிக்கெட் தில்லி வழியாக. பகல் முழுவதும் அங்கே காத்திருக்க வேண்டும். அதைக் கேட்டதும் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கவிஞர் எங்க பேட்டையிலதான் அடக்கமாகி இருக்கார். தர்காவுக்குப் போற சந்துலயே சமாதி. எனக்காக ரோஜாப்பூ வச்சுட்டு வா."

சற்றுத் தயங்கினார்.

"சந்து முனையில பூ விக்கிறது என் அண்ணன். பூவை அவர்கிட்டயே வாங்கு. என் பேரைச் சொல்லாதே. எப்படி இருக்கார்னு மட்டும் பாத்துட்டு வா."

தாயார் இறந்தபோது இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதை அண்ணன் நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

நான் சந்து முனை வரை போனேன். அது உண்மை! கபாப் புகை, அத்தர் வாசனை, தொப்பியணிந்த பெருங்கூட்டம். யாரோ ஒருவர் சிரித்தபடி, "ஆவோ பாய்" என்று உள்ளே கூப்பிட்டு என் தோளில் கை வைத்தார். வழிகாட்டத்தான் வந்தாரோ என்னவோ... அந்தக் கையை உதறி விலகினேன். ஏன்? அவர் என்னை என்ன செய்துவிட்டார்? ஊர் டீக்கடையில் கேட்டவை, போனில் வந்த வீடியோக்கள் எல்லாம் அந்தக் கணத்தில் என்னுள் விழித்துக்கொண்டன. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். நடந்தேனா? ஓடினேன்!

யாரைக் கண்டு ஓடினேன்? எனக்குக் கஞ்சி ஊட்டியவரின் மனிதர்களைக் கண்டு...

லீவு முடிந்து நான் திரும்பிய அன்று ரூம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"போனியா?"

"போனேன் பாய். பூ வச்சேன்."

"அண்ணன்?"

"நல்லா இருக்கார்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சார். ஒரு கைப்பிடி பூ சேத்தே கொடுத்தார்."

அந்தக் கைப்பிடிப் பூவை அவர் கேட்கவேயில்லை! நானாகச் சேர்த்தேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டுக்கு போன் செய்தார். அண்ணி எடுத்தாள். அண்ணன் இறந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டதாம். தாய்க்கு வராதவனுக்கு எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டார்களாம்.

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த என் எதிரே வந்து நின்றார்.

"நீ யாரைப் பாத்தே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள்தானே? நானோ... "வேற யாராவது உக்காந்திருப்பாங்க பாய். எனக்கு அடையாளம் தெரியலை" என்றேன்.

"அச்சா" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அவர் கவிதை சொல்லவில்லை. சில மாதங்களில் வேறு வேலை கிடைத்து அஜ்மானுக்குப் போய்விட்டார். கீழ்க்கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். அந்தப் புதியவரோடு பேசுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த லீவில் வேண்டுமென்றே தில்லி வழியாகப் போனேன். சந்துக்குள் நுழைந்தேன். நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறிய வெள்ளைப் பளிங்குக் கட்டடம்; உள்ளே யாருமில்லை. ரோஜாப்பூவை வைத்துவிட்டு நின்றேன். அவர் சொன்ன கவிதைகளில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

போட்டோ எடுத்தேன். அனுப்பவில்லை. எப்படி அனுப்புவது? இப்போதுதான் போனேன் என்றால், அப்போது போகவில்லை என்றாகிவிடும்...

போன பெருநாளன்று அவரே அழைத்தார். குரல் தளர்ந்திருந்தது. அருகில் இருந்த யாரிடமோ, "தில்லியில எனக்காகப் பூ வச்சது இவன்தான்" என்றார். பிறகு என்னிடம், "அண்ணன் போயிட்டார். ஆனா நீ கவிஞருக்குப் பூ வச்சியே, அது போதும் பாய்" என்றார்.

"ஆமா பாய்" என்றேன்.