ஒரு சொம்புக் கூழ்

அறுபதுகளில் செஞ்சி ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்க இருந்த டாக்டர் நான் ஒருத்திதான். சர்ஜனுக்கு என் வேலை விளையாட்டாகத் தெரியும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு மத்தியானம் தளவானூர்க்காரி ஒருத்தி நாலு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாறையிலிருந்து விழுந்து, கை எலும்பு வெளியே தெரிந்தது. விரல்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. உடனே அறுவை செய்யாவிட்டால் கை போய்விடும்.

"சாப்ட்டானா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சாப்புடலம்மா."

மேஜையில் கிடத்தியபின் வாசலிலிருந்து அவளே சொன்னாள்: "ஒரு பருக்கை சோறு படல டாக்டரம்மா. ஒரு சொம்பு கூழுதான் குடிச்சிருக்கான்."

அவள் பொய் சொல்லவில்லை. சோறுதான் சாப்பிடுவது, கூழ் குடிப்பது. மயக்கத்தில் அந்தக் கூழ் எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் பிள்ளையே போய்விடுவான். மூச்சுக்குழலில் ரப்பர் குழாய் விட்டாக வேண்டும். பெரியவர்களுக்கு நிறைய விட்டிருக்கிறேன். இத்தனை சின்னத் தொண்டையில் விட்டதே இல்லை.

"சின்னப் பையனுக்குக் குழாயா? மாஸ்க்கே போதும். வம்பை வெலைக்கு வாங்காதீங்க" என்றார் சர்ஜன்.

"வாங்கியாச்சு சார்" என்றேன்.

பையனின் சுண்டுவிரலோடு ஒத்துப் பார்த்து ஒரு குழாயை எடுத்தேன். தூங்கவைத்து வாயைத் திறந்தால் நாக்குதான் தெரிந்தது. சட்டென்று உறைத்தது, தலையணை! பெரியவர்களுக்குத்தான் அது உதவும். பிள்ளைகளுக்குத் தலையே பெரிசு, தலையணை வைத்தால் கழுத்து மடங்கிவிடும். உருவி எறிந்தேன். மூச்சுவழி கண்ணுக்கு நேரே வந்தது. குழாயை விட்டேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் வலப்பக்கம் மட்டும் மூச்சு. ஆழமாகத் தள்ளிவிட்டிருந்தேன், குழாய் ஒரு நுரையீரலுக்கே போயிருந்தது. கொஞ்சம் பின்னுக்கு இழுத்ததும் இரண்டு பக்கமும் கேட்டது. சந்தோஷத்தில் கத்தலாம் போலிருந்தது. கூழ் உள்ளே இறங்காதபடி குழாயைச் சுற்றித் தொண்டையில் துணி அடைத்தேன்.

பாதி அறுவையில் மூக்கிலும் வாயிலும் கேழ்வரகுக் கூழ் வழிந்தது. மூச்சு அதுபாட்டுக்கு ஓடியது. சர்ஜன் பார்த்தார், மறுபடி எலும்பின் மேல் குனிந்தார்.

அறுவை முடிந்து அவன் விழித்ததும் குழாயை எடுத்தேன். பையன் கரகரத்த குரலில் அழுத அழுகை தெருவரைக்கும் கேட்டிருக்கும். விரல்கள் சிவந்திருந்தன. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னா குடுக்கட்டும் டாக்டரம்மா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடலியே."

கொஞ்ச நாளில் அறுவைக்கு இன்னொரு பிள்ளை வந்தது. நான் வாயைத் திறக்குமுன் சர்ஜன் அதன் தாயிடம் கேட்டார்: "சாப்ட்டது இருக்கட்டும்மா, இன்னா குடிச்சான்?" கேட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த தலையணையை அவரே உருவி என் கையில் கொடுத்தார்.