உருண்டு போன எலுமிச்சம்பழம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் தோழியும் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தோம். இருவரின் அப்பாக்களுக்கும் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடு. தினமும் காலையில் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போவோம்.

ஒருநாள் வகுப்பில் எழுதிக்கொண்ட குறிப்பில் தோழி சிக்கிக்கொண்டாள். யாரும் தள்ளாத பொருள் தன் வேகத்தை மாற்றாது என்கிற இயக்கத்தின் முதல் விதி எங்கே பொருந்துமோ அது நிலைமக் குறிப்பாயம் என்று ஒரு வரி. குறிப்பாயம் என்றால் இயக்கத்தை நாம் நின்று பார்க்கிற இடம். முதல் விதி எங்கே பொருந்தும் என்றால், நிலைமக் குறிப்பாயத்தில் என்று அடுத்த வரி.

"சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான்டி வருது. இதுல என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?" என்றாள்.

மனப்பாடம் செய்தால் போதும் என்றேன். அவள் விடவில்லை. மறுநாள் தையல் நூலில் ஒரு சின்னப் பூட்டைக் கட்டிக்கொண்டு வந்து, ரயிலில் சாமான் வைக்கும் பலகையிலிருந்து தொங்கவிட்டாள். அம்பத்தூர் தாண்டி வண்டி சீராக ஓடியபோது, பெட்டியின் குலுக்கலில் லேசாக ஆடியதைத் தவிர, பூட்டு நேராகவே தொங்கியது. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த எலுமிச்சம்பழக்கார அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா அது, தொங்கவுட்டுகினு கீறீங்க?"

"வண்டி ஓடுறது இதுல தெரியுதான்னு பாக்கிறோம்" என்றேன்.

"ஜன்னல்ல பாத்தா தெரியுதே" என்று சிரித்தார்.

வில்லிவாக்கம் வருவதற்குள் டிரைவர் பிரேக் போட்டார். பூட்டு முன்பக்கம் சாய்ந்தது. கூடையின் விளிம்பிலிருந்து ஒரு பழம் விழுந்து, வண்டி போகும் திசையிலேயே தரையில் உருண்டு ஓடியது. அந்த அம்மா எழுந்து போய் எடுத்து வந்தார்.

"நான் தள்ளல, நீங்க தள்ளல. யாரு தள்ளி இது ஓடுச்சு?" என்று கேட்டார்.

தோழி என் கையை இறுகப் பிடித்தாள். பழத்தை யாருமே தள்ளவில்லை. பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பழம் பழைய வேகத்திலேயே போனது, பெட்டியின் வேகம்தான் குறைந்தது. பெட்டிக்குள் இருந்து பார்த்த எங்களுக்கோ தள்ள ஆளில்லாமல் பழம் ஓடியது போல இருந்தது. அப்படி ஆளில்லாத தள்ளலைத் தேட வேண்டி வந்தால், நாம் நின்று பார்க்கிற இடம் நிலைமக் குறிப்பாயம் இல்லை. தேட வேண்டாத இடம்தான் நிலைமக் குறிப்பாயம். அந்த இரண்டு வரிகளும் வெறுமனே சுற்றவில்லை, நிற்கும் இடத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்கின்றன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஸ்டேஷனில் இறங்கும்போது தோழி அடுத்த கேள்வியைத் தொடங்கிவிட்டாள். "பூமியே சுத்துதே. அப்போ பிளாட்பாரம் மட்டும் எப்படிச் சரி?"

அதை வகுப்பில் கேட்கும் தைரியம் எனக்குத்தான் வந்தது. எங்கள் விரிவுரையாளர் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சரியில்லதான். ஆனா ரயில்ல உருளுற பொருளுக்கு அந்தத் தப்பு கண்ணுக்கே தெரியாது. ரொம்ப நுணுக்கமா அளந்தா தெரியும். அப்போ பூமிக்குப் பதிலா சூரியன நிக்கிற இடமா வெச்சுப் பாக்கணும். அதுவும் பத்தலேன்னா தூரத்து நட்சத்திரங்கள வெச்சு."

"அதுக்கும் மேல, சார்?" என்றாள் தோழி.

"எனக்குத் தெரியலம்மா" என்றார் அவர்.

வாத்தியார் ஒருவர் வகுப்பில் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று மாலை நாங்கள் இருவரும் நேராக நூலகத்துக்குப் போனோம்.