இரண்டாம் சுற்றுக்கு வருவான்

எங்கள் நகரத்துத் தமிழ் உதைபந்தாட்ட அணிகள் முன்பு ஊர்ப் பெயர்களில் இருந்தன. ஊருக்கு ஊர் பகை கூடி, ஒரு கோடையில் நடுவரின் காருக்குக் கல் விழுந்த பிறகு நிர்வாகிகள் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது விளையாட விரும்புகிற எல்லோரும் தங்கள் பெயரைப் பதிகிறார்கள். மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மாலையில், வாடகை மண்டபத்தில், எட்டு அணிகளின் பொறுப்பாளர்களும் சீட்டுக் குலுக்கி வந்த ஒழுங்கின்படி ஆளுக்கொருவராக அழைத்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. இதை நாங்கள் டிராஃப்ட் என்கிறோம்.

இதில் விளையாடுகிறவர்களைவிட அதிகம் ஊறிப்போனவர்கள் என்னைப் போன்ற கிழவர்கள். எனக்கு எழுபத்து நான்கு வயது. ஊரில் கணிதம் படிப்பித்தேன். புலம்பெயர்ந்து இங்கே வந்து துறைமுகத்தில் கொள்கலன்களின் இலக்கங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றேன். நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு கோப்பிக்கடையின் மூலை மேசையில் புதன்கிழமைகளில் கூடுவோம். எனக்கு எதிரே எப்போதும் மளிகைக்கடைக்காரர் இருப்பார். அவருக்கும் ஓர் அணி உண்டு. என் மருமகனுக்கும் ஓர் அணி உண்டு. நடுவில், எந்த அணியும் இல்லாமல் எல்லோரையும் கிண்டல் செய்வதற்கென்றே வருகிற திருகோணமலைக்காரர்.

"அவன்ர இடதுகால் படிச்ச கால்," என்பார் கடைக்காரர், யாரோ ஓர் ஆட்டக்காரனைப் பற்றி. "வலதுகால் பள்ளிக்கூடப் பக்கமே போகேல்லை."

"அப்ப வாத்தியாரிட்ட ரியூசனுக்கு விடுங்கோ," என்பார் திருகோணமலைக்காரர்.

யாருக்கு மூச்சு இருக்கிறது, யார் பந்து பறிபோனால் திரும்பி ஓடி வருவான், யார் குளிர் மழையில் காணாமல் போவான் என்று மணிக்கணக்காகக் கதைப்போம். ஆனால் டிராஃப்டுக்கு முந்திய வாரத்தில் அந்த மேசையில் ஒருவரும் உண்மை பேசமாட்டார்கள். தன் அணிக்கு வேண்டிய ஆளைப் பற்றிக் குறைத்துச் சொல்வார்கள். மற்றவர்கள் அவனை விட்டுவிட்டால் அவன் பின்சுற்றுக்கு வருவான் அல்லவா? இதற்கு எங்களிடம் ஒரு சொல்லும் உண்டு: இறக்குவது.

நான் இறக்குவதில் கெட்டிக்காரன். படித்தவன், நிதானமாகப் பேசுகிறவன் என்பதால் என் பொய் மற்றவர்களுடையதைவிட நன்றாக நின்றது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பின்காவல் ஆட்டக்காரனுக்கு முழங்கால் முடிந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். மற்ற ஏழு அணிகளும் சுற்றுக்குச் சுற்று அவனைக் கடந்துபோயின. கடைசிச் சுற்றில் என் மருமகன் அவனை அழைத்தபோது, அவன் மண்டபத்தின் பின்சுவரோரம், தன் அப்பாவுக்குப் பக்கத்தில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வருடம் கிண்ணம் எங்களுக்கு. நான் அதைப் பற்றி வெட்கப்படவில்லை. அப்போது இல்லை.

இந்த வருடம் எல்லோருடைய கண்ணும் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பையன் மேல் இருந்தது. பையன் என்கிறேன், இருபத்தெட்டு வயது. நகரத்துக்கு வெளியே புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிறவன். மனைவி மருத்துவமனையில் நோயாளிகளை வண்டியில் தள்ளிச் செல்லும் வேலை. ஒரு குழந்தை. இடது ஓரத்தில் அவன் பந்தோடு போனால், பிடிக்கப் போனவன் இரண்டு அடி பின்னால் நின்று தன் காலைப் பார்ப்பான்.

டிராஃப்டுக்கு முந்திய ஞாயிறு காலை, அவன் பயிற்சி எடுக்கும் பூங்காவுக்கு ஆளை எடைபோடப் போனேன். கம்பிவேலிக்குப் பக்கத்தில் நின்றேன். மற்றவர்கள் தண்ணீர் குடிக்க எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். அவன் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். எனக்குப் பத்து அடி தூரத்தில் விழுந்தான்.

தடுக்கி விழுகிறவன் கையை முன்னே நீட்டுவான். இவன் நீட்டவில்லை. முகம் நேராகப் புல்லில் போய் அடித்தது.

எனக்கு அந்த விழுகை தெரியும். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓடிய மாணவன் ஒருவன் இப்படித்தான், கை நீட்டாமல், விழுந்தான். அவன் எழும்பவில்லை. நெஞ்சில் பிறவியிலேயே கோளாறு என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

நான் வேலியைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் இவன் கண் திறந்துவிட்டான். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. என்னைப் பார்த்தான், ஆனால் நான் யாரென்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒண்டுமில்ல சேர். காலையில சாப்பிடல்ல."

"முந்தியும் இப்பிடி வந்ததோ?"

அவன் எதிர்ப்பக்கம் பார்த்தான். "ஒருக்கா. வேலையில, படியில. சேர், ஆருக்கும் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழம டிராஃப்ட்."

எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, ஓடினான். இதுவரை சொன்னதில் பிழையில்லை. பிழை இனித்தான் வருகிறது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது, பயம் கொஞ்சம் தணிந்ததும் என் மனத்தில் வந்த முதல் கணக்கு இது: இதை வேறு யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை மருமகன் வந்தான். அவனுக்குச் சீட்டில் ஆறாவது இடம் விழுந்திருந்தது. "மாமா, அந்த மட்டக்களப்பான் ஆறாவது மட்டும் நிக்கமாட்டான். நீங்கள் புதன்கிழமை அவனைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கோ. இரண்டாம் சுற்றுக்கு வருவான்."

பையன் விழுந்ததை மருமகனிடம் நான் சொல்லவில்லை. "பாப்பம்" என்றேன். ஒரே பேச்சில் இரண்டு காரியமும் முடியும் என்று நினைத்தேன். விழுந்ததைச் சொன்னால் உண்மையைச் சொன்னவனாவேன். எல்லோரும் பயந்து விட்டுவிட்டால் பையன் எங்கள் அணிக்கு வருவான். வந்த பிறகு நானே மெதுவாக வைத்தியரிடம் கூட்டிப்போகலாம். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

புதன்கிழமை சொன்னேன். "அவனைத் தொடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் பாக்க விழுந்தவன். நெஞ்சு சரியில்லை."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்த முறை முழங்கால், இந்த முறை நெஞ்சோ? வாத்தியார் மேல மேல ஏறி வாறார்!"

"வாற வருசம் தலைக்குள்ள கட்டி," என்றார் திருகோணமலைக்காரர்.

நானும் சிரித்தேன். அதை மறைக்காமல் எழுதவேண்டும். மேசையைத் தட்டி, "பகிடி இல்லை, கண்ணால கண்டனான்" என்று கத்தியிருக்கலாம். நான் சிரித்து, கோப்பியை எடுத்துக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாவதாக அழைக்கும் முறை கடைக்காரருக்கு. அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அந்தப் பையனின் பெயரைச் சொன்னார். மருமகன் என் காதருகே குனிந்தான். "மாமா, அளவுக்கு மிஞ்சி இறக்கிப்போட்டியள். நெஞ்சு எண்டால் ஆர் நம்புவினம்? கணுக்கால் எண்டு சொல்லியிருக்கலாம்."

முதல் ஆட்டத்தில் பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தால் எனக்கு மூச்சு நின்றது. நிமிர்ந்தால் வந்தது. யாராவது அவன்மேல் மோதி அவன் விழுந்தால், கை நீட்டினானா என்று பார்த்தேன். நீட்டினான். இரண்டு கோல் போட்டான். இடைவேளையில் கடைக்காரர் ஒரு தட்டில் மட்டன் ரோல்ஸோடு வந்தார்.

"எப்பிடி வாத்தியார் நெஞ்சு? அவன்ரையை இல்லை, உங்கடையைக் கேக்கிறன்."

இரண்டாவது ஆட்டம் நடந்த சனிக்கிழமை மழை. ஆட்டத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். அது இன்னும் மோசம். ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும், அதுதான், அந்தச் செய்திதான் என்று ஓடிப்போய் எடுத்தேன். ஒரு முறை பல்வைத்தியரின் அலுவலகம். ஒரு முறை மகள், கறிவேப்பிலை இருக்கிறதா என்று.

ஏன் போய்ச் சொல்லவில்லை? நம்பமாட்டார்கள் என்பது பாதிக் காரணம்தான். நம்பவைப்பதென்றால், முழங்கால் கதை பொய் என்பதையும், இம்முறை உண்மையையே பொய்யின் தொனியில் சொன்னேன் என்பதையும், ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் நான் வாய் திறந்து சொல்லவேண்டும். அந்த வெட்கத்துக்கு அஞ்சி ஒருவனுடைய உயிரை நான் வாரம் வாரமாகத் தள்ளிவைத்தேன்.

மூன்றாவது ஆட்டத்தின்போது யூன் மாதத்துப் புழுக்கம். இரண்டாம் பாதியில் அவன் ஓடுவதை நிறுத்தி, முகத்தைத் தன் மேற்சட்டையால் மூடிக்கொண்டு நின்றான். பிறகு சட்டையை இறக்கி நேராக என்னைப் பார்த்தான். தலையை மெல்ல ஆட்டினான். சொல்லாதீங்க என்று அர்த்தம். அவனும் பயந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது. அவன் மனைவி மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றாமல் கதவைத் திறந்தாள். விழுந்ததைச் சொன்னேன். உதட்டின் நிறத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சந்தேகப்படவும் இல்லை.

"எப்ப விழுந்தாரு?"

"மே மாதம். டிராஃப்டுக்கு முதல் ஞாயிறு."

"அதுக்குப் பிறகு எத்தின மாட்ச் நடந்திச்சு?"

"மூண்டு."

"நீங்க பாத்தீங்களா?"

"இரண்டு பாத்தனான்."

அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாள் முழுக்க இப்பிடி ஆக்களத்தான் சேர் நான் வண்டியில வெச்சுத் தள்ளுறன்," என்றாள். பிறகு தொலைபேசியை எடுத்துக் கணவனை உடனே வரச் சொன்னாள். அவன் கத்துவது எனக்குக் கேட்டது. அவள் ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொன்னாள்: "வேலய விட்டுட்டு வாங்க."

நான் போகத் திரும்பினேன். "இருங்க," என்றாள். "அவரு வந்து இல்ல எண்டுதான் சொல்லுவாரு. நீங்க அவருக்கு முன்னால சொல்லணும்."

புவாண்ட்-கிளேரிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவுமாக ஒன்றரை மணித்தியாலம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் எதிரே இருந்தாள். அவன் கோபத்தோடு வருவான், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான், நான் சொன்னதாலேயே ஓடுவான் என்ற எண்ணம் வந்தது. சொல்லாமல் இருந்தும் கொல்கிறேன், சொல்லியும் கொல்கிறேன்.

கீழே வாசற்கதவு அடித்துச் சாத்தியது. படியில் காலடிச் சத்தம், இரண்டிரண்டு படியாக. அவள் கதவைத் திறந்து, "மெல்ல வாங்க!" என்று கீழே கத்தினாள். முதலாம் மாடி. இரண்டாம் மாடி. பிறகு சத்தம் நின்றது.

அவள் ஓடினாள். நான் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினேன். என் கால் எந்தப் படியில் படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவன் சுவரோடு சாய்ந்து இருந்தான். விழவில்லை, குந்தியிருந்தான். முகத்தில் மீண்டும் அந்தச் சாம்பல் நிறம். என்னைத் திட்டுவதற்கென்று வாயில் வைத்திருந்த சொற்கள் எல்லாம் போய்விட்டன.

"சேர்," என்றான். "பயமா இருக்கு சேர்."

அவள் ஏற்கெனவே அம்புலன்ஸுக்குப் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவனுக்குப் பக்கத்தில் படியில் குந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடி, தயங்கி, மறுபடி ஓடியது. அது அடுத்த முறை தயங்கும்போது திரும்பி வராமல் போகலாம் என்று, அம்புலன்ஸ்காரர்கள் வந்து என் விரல்களை எடுத்துவிடும்வரை, ஒவ்வொரு துடிப்பாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

எமர்ஜென்சியில் தாதி, முதலில் விழுந்ததை யார் பார்த்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன். திகதியைக் கேட்டாள். சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுதினாள்.

இதயத் தசை தடித்திருக்கிறது என்றார்கள். காறை எலும்புக்குக் கீழே, இதயம் தடுமாறினால் அதிர்ச்சி கொடுத்துச் சரியாக்கும் ஒரு கருவி வைத்தார்கள். இனி ஓடக்கூடாது. சாவதற்கு மிகக் கிட்டப் போனவன் என்று வைத்தியர் அவன் மனைவியிடம் சொன்னாராம். செய்தி பரவியதும் என் மருமகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, கடைக்காரர்ர ஆளையே தூக்கிப்போட்டியள், நீங்கள் ஆள்தான்" என்று சிரித்தான். அது என்னுடைய தந்திரம் என்று நினைத்திருக்கிறான். எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டான்.

சத்திரசிகிச்சை முடிந்து நான்காம் நாள் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவனுக்கும் முழுவதையும் சொன்னேன். மருமகன் கேட்டது, புதன்கிழமை மேசை, நான் சிரித்தது.

"நான்தானே சேர் சொல்லாதீங்க எண்டன்," என்றான். எனக்கு ஒரு வழி திறந்துவிடப் பார்த்தான்.

"இல்லை. நீ கேட்டதுக்காக நான் பேசாமல் இருக்கேல்லை. முதல் நீ எங்களுக்கு வேணும் எண்டு இருந்தனான். பிறகு என்ர வெட்கத்தில."

அவன் கட்டுப்போட்டிருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினான். என்னை வாசல்வரை கூட்டிவந்தது அவன் மனைவிதான்.

"நீங்க வீட்டுக்கு வந்து சொன்னத நான் மறக்கமாட்டன்," என்றாள். "ஆனா இனி வராதீங்க சேர். உங்களக் கண்டா எனக்கு அந்த மூண்டு மாட்சும்தான் ஞாபகம் வருகுது."

ஓம் என்றேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.